அணைக்கக் கூடாத கொம்பியூட்டரும் ஒரு சீடி ரைட்டரும்

பல்லி சொல்லுகிறது என்றுதான் என் மனைவி முதலில் நினைத்தாள். “எங்கயோ ஒளிச்சிருந்து சொல்லிட்டே இருக்கு, நிப்பாட்டுதில்ல” என்று அலுமாரிக்குப் பின்னால் தும்புத்தடியை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் காதை வைத்துப் பார்த்தேன். பல்லியில்லை. சத்தம் கொம்பியூட்டர் பெட்டிக்குள் இருந்து வந்தது. டிக், டிக், டிக். கொஞ்சம் நிற்கும். பிறகு இளைப்புக்காரன் மூச்செடுக்கிற மாதிரி ஒரு இழுவை. பிறகு திரும்பவும் டிக்.

யுத்தம் முடிந்து வந்த முதல் வருஷங்கள் அவை. புத்தளத்துக்குப் பக்கத்தில், தில்லையடியில் எங்கள் வீடு. மன்னாரிலிருந்து தொண்ணூறில் வெறுங்கையோடு வந்த ஆக்கள் நாங்கள். கிடுகு, தகரம், கல் என்று ஒவ்வொன்றாக மாற்றி, அப்போதுதான் முன்னறைச் சுவருக்கு நிறம் பூசியிருந்தோம். அந்த அறையில்தான் கொம்பியூட்டர். கடையை மூடின ஒருவரிடம் பழசாக வாங்கினது. நான் உப்பை பைக்கற்றில் அடைக்கிற இடத்தில் வேலை செய்கிறவன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. தட்டித் தட்டித்தான் அதைப் பழகினேன். எதைத் தட்டக் கூடாது என்பதையும் தட்டித்தான் பழகினேன்.

அந்தப் பெட்டிக்குள் என் மச்சானின் குரல் இருந்தது. மனைவியின் தம்பி. சவூதிக்கு லொறி ஓட்டப் போனவன். கடிதம் எழுத அவனுக்குப் பஞ்சி. கசெட்டில் பேசி, ஊருக்கு வருகிற ஆக்களிடம் கொடுத்தனுப்புவான். நாலு கசெட் வந்தது. ஐந்தாவதுக்குப் பதிலாக மவுத்துச் செய்தி வந்தது. வீதி விபத்து. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மாமி மகனின் மையித்தைப் பார்க்கவில்லை, ஒரு பிடி மண் போடவில்லை. அவருக்கு மிஞ்சினது அந்த நாலு கசெட்தான்.

அவற்றை ஒரு வயர் போட்டுக் கொம்பியூட்டருக்குள் ஏற்றி வைத்தது நான். எடுத்தது நல்லதாகப் போயிற்று. அடுத்த மாரிக்கு நாடாவில் எல்லாம் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஒன்றைப் போட்டுப் பார்த்தபோது டேப்பே அதை மென்று துப்பியது. ஆகவே கொம்பியூட்டருக்குள் இருந்ததுதான் எல்லாம்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்த நேரம் பார்த்து மாமி வருவார். கதிரையில் இருந்து, முக்காட்டைச் சரிசெய்துகொள்வார், மகன் முன்னால் வந்து நிற்கப்போகிற மாதிரி. அவன் ஸலாம் சொல்லித்தான் தொடங்குவான். மாமி ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் பதில் ஸலாம் சொல்லுவார். “கேட்டுட்டு பதில் சொல்லாம இருக்கேலுமா மருமகன்? அவன் கேக்கிறானோ இல்லையோ, சொல்ல வேண்டியது என்ட பொறுப்பு” என்பார். “உம்மா, சாப்பிட்டீங்களா?” என்று அவன் கேட்டால், “சாப்பிட்டன் மகன்” என்று, அன்றைக்கு என்ன கறி என்பதையும் சொல்லுவார்.

அந்தப் பெட்டிதான் டிக் டிக் என்றது.

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் புத்தளம் டவுனுக்குப் போனேன். கொம்பியூட்டர் சாமான் விற்கிற கடையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். முதலாளி என்னைவிட மூத்தவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். சத்தம் எப்படி என்று கேட்டார். நான் வாயால் செய்து காட்டினேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

“இழுவை இருக்கா?”

“இருக்கு நாநா.”

“இழுத்துப் போட்டுத்தான் டிக் எண்டுதா, டிக் எண்டிட்டுத்தான் இழுக்குதா?”

“ரெண்டும் மாறி மாறி.”

அவர் கண்ணாடியை இறக்கினார். “ஹார்ட் டிஸ்க் போகப் போகுது. இப்ப ஓடுதா, அணைச்சிட்டா வந்தீங்க?”

“ஓடுது. வீட்டுல ஆள் இருக்கு.”

“அப்ப அணைக்காதீங்க. சுத்திக்கிட்டு இருக்கும் வரைக்கும் சுத்தும். நிண்டா, திரும்ப எழும்பும் எண்டு நான் சொல்ல மாட்டன்.”

எல்லாவற்றையும் சீடியில் எடுத்துவிட வேண்டும் என்றேன். பென் ட்ரைவில் எடுக்கலாமே என்றார். எனக்கு அதில் பயம். முன்பு ஒருக்கால் பென் ஒன்றைச் செருகி வைரஸ் வந்து, இருந்த படமெல்லாம் மறைந்து, வீட்டில் ஒரு மாசம் எனக்குப் பேச்சு விழுந்தது. அதோடு மாமியின் வீட்டில் இருக்கிற ப்ளேயர் சீடியைத்தான் வாங்கும். “அப்ப ரைட்டர் வேணும்” என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். புதிசு. உள்ளே பூட்டுகிற ரகம். நல்ல சாமான் என்று சத்தியம் செய்தார். நானும் கையில் வாங்கிப் பாரம் பார்த்தேன். பிறகுதான் புத்தி வந்தது.

“இத எப்படிப் பூட்டுறது நாநா?”

“பெட்டியக் கழட்டி...” என்று தொடங்கியவர் தானாகவே நிறுத்தினார்.

பெட்டியைக் கழற்ற வேண்டுமென்றால் அணைக்க வேண்டும். அணைத்தால் எழும்பாது. எழும்பாததற்கு ரைட்டர் எதற்கு? இரண்டு பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னால் நின்ற ஒருத்தர், “மூச்சு விடாம இருங்க, ஒப்பரேசன் பண்ணுறன் எண்ட கதைதான்” என்றார். அந்த நேரத்தில்கூட அந்தச் சொல்லை நான் மனதில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஆக்கள் சொல்லுகிறதைப் பொறுக்கி வைக்கிற வியாதி எனக்குச் சின்னதிலிருந்தே இருக்கிறது.

வெளியே வைத்து வயரால் மாட்டுகிற ரைட்டர் இருக்கிறதாம். அவரிடம் இல்லை. கொழும்புக்குச் சொன்னால் ஒரு கிழமை ஆகும். “துணிஞ்சி இதையே பூட்டுவமா? சில நேரம் எழும்பும். அதிர்ஷ்டம் இருந்தா” என்றார். மலிவும் அதுதான். நான் புதுசை அவருடைய மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் சரியாகத்தான் செய்தேனா என்ற பயம்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு சட்டம். யூபிஎஸ் இருந்தது; அது கரண்ட் போனால் இரண்டு பாட்டு ஓடுகிற நேரத்துக்குத்தான் தாங்கும். மோட்டர் போட்டால் பல்பு மங்கும், ஆகவே மோட்டர் இல்லை, கிணற்றில் வாளி. அயன் இல்லை. க்ரைண்டர் இல்லை. மனைவி சம்பல் அரைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தாள். காற்றாடி சுற்றினாலும் எனக்குச் சந்தேகம். கடற்காற்று பலமாக அடிக்கிற காலம் வேறு. வெளியே தென்னோலை வயரில் உரசுகிற சத்தம் கேட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெட்டியைப் பார்ப்போம்.

“வீட்டுல மாசமான பொம்பள இருக்கிற மாதிரி இருக்கு” என்றாள் மனைவி. “சத்தம் போட்டாலும் பயம், போடாட்டியும் பயம்.”

“உங்கட உம்மாட்டச் சொல்லாதீங்க.”

“நான் ஏன் சொல்லப் போறன்?” என்றாள். அவள் அந்தக் குரலில் சொன்னால், சொல்லப் போகிறாள் என்று அர்த்தம்.

மதுரங்குளியில் கத்தாரிலிருந்து வந்த ஒருவரிடம் வெளியே மாட்டுகிற ரைட்டர் இருப்பதாக உப்புத் தளத்தில் வேலை செய்கிற ஒருவர் சொன்னார். புதன்கிழமை பஸ் ஏறினேன். அந்த மனிதர் நல்ல உடம்பு, சாரமும் பெனியனும், வீட்டு முற்றத்தில் கத்தாரில் வாங்கிய சாமான்களை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். ரைட்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரு பாண் அளவு. கனம். தனிக் கரண்ட் வயர். வெள்ளைச் சட்டம் மஞ்சளாகியிருந்தது.

“இது சீடி மட்டும்தான் அடிக்கும்” என்றார். “டிவிடி கேக்கப்படாது.”

“சீடி போதும். வேலை செய்யுமா?”

“நான் வரேக்க வேலை செஞ்சது.”

“எப்ப வந்தீங்க?”

அவர் சிரித்தார். “அதக் கேட்டாத்தான் பிரச்சின.”

போட்டுக் காட்ட அவரிடம் கொம்பியூட்டர் இல்லை. மகள் கல்யாணம் முடித்துப் போகையில் கொண்டுபோய்விட்டாளாம். கரண்டில் செருகிக் காட்டினார். பச்சை லைட் பத்தியது, தட்டு வெளியே வந்தது, உள்ளே போனது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அங்கே டவுனில் புத்தம் புது ரைட்டர், பூட்ட வழியில்லை. இங்கே பூட்டத் தேவையில்லாத ரைட்டர், உயிர் இருக்கிறதா என்று தெரியாது. நான் தட்டைத் திறந்து திறந்து மூடினேன். எதற்கு இவ்வளவு யோசனை என்று அவர் கேட்டார். சொன்னேன். மச்சான், மாமி, வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் உள்ளே போய் ரைட்டரோடு வந்த புரோகிராம் சீடியையும், பிரிக்காத வெறும் சீடி ஒரு கட்டையும் எடுத்துவந்து ஷொப்பிங் பேக்கில் போட்டார். “நானும் அங்க இருந்து கசெட் அனுப்பின ஆள்தான். என்ட மனிசி அதுக்கு மேல பைத்துப் பாட்டுப் பதிஞ்சி வச்சிருக்கா” என்றார். “மெல்லமா ஓட விடுங்க. வேகத்த ஆகக் குறைச்சி வைங்க. அவசரப்பட்டா இது சீடியப் பழுதாக்கும்.”

வியாழக்கிழமை காலை மாட்டினேன். பிஸ்மி சொல்லி வயரைச் செருகினேன். கீழ் மூலையில் புதுச் சாமான் வந்திருக்கிறது என்று எழுத்து வந்தது. புரோகிராமை ஏற்றினேன். முடிந்ததும் திரையின் நடுவில் ஒரு பெட்டி: கொம்பியூட்டரை இப்போதே அணைத்து எழுப்ப வேண்டும், எழுப்பவா? ஆமென்றும் இல்லையென்றும் இரண்டு பொத்தான். அம்புக்குறி ஆமென்பதில் நின்றது.

மனைவி தோளுக்குப் பின்னால் நின்றாள். “கையை எடுங்க” என்றாள், கிசுகிசுவென்று, பெட்டிக்குக் கேட்டுவிடும் போல.

“எடுத்தா எப்படி இல்லை எண்டு சொல்றது?”

“நீங்க நடுங்குறீங்க. எடுங்க.”

கையை எடுத்தேன். சாரத்தில் வேர்வையைத் துடைத்தேன். அவள் ஒரு விரலால், ஊசியில் நூல் கோர்க்கிற கவனத்தோடு மவுஸைத் தள்ளி, இல்லையென்பதை அமத்தினாள். பெட்டி போயிற்று. கொம்பியூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. டிக், டிக். அணைத்து எழுப்பாமலே அந்தப் பழைய ரைட்டர் வேலை செய்யும் என்று அதன்பிறகுதான் தெரிந்தது.

எந்தக் கசெட்டை முதலில் எடுப்பது என்று அவளிடம் கேட்டேன். எல்லாம் கிடைக்காமல் போகலாம் என்று நான் வாயால் சொல்லவில்லை. கேள்வியிலேயே அது இருந்தது. “கடைசியா வந்தது” என்றாள் உடனே. “பிறகு முதலாவது. பிறகு பெருநாள் கசெட்.” மூன்றாவதாக வந்த கசெட் மிச்சம். அதை யாரும் கேட்கிறதில்லை. அதில் அவன் உம்மாவை ஏசுவான். அவன் அனுப்பின கம்பளியை மாமி பக்கத்து வீட்டுப் பிள்ளைப்பெற்றவளுக்குக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, “உங்களுக்கு அனுப்பினத நீங்க போத்துங்க உம்மா, ஊரெல்லாம் போத்தவா நான் வெயில்ல காயுறன்” என்று கசெட்டின் பாதிப் பக்கம் ஏச்சு. மாமியே அதைப் போட வேண்டாம் என்பார். அதைக் கடைசிக்கு விட்டோம்.

முதல் சீடி பழுதாகிப் போயிற்று. ஹார்ட் டிஸ்க் ஒரு இடத்தில் இழுத்தது, ரைட்டர் காத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. வேகத்தை ஆகக் கீழே இறக்கி மறுபடியும் போட்டேன். திரையில் ஒரு பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. அது ஓடுகிற நேரம் மவுஸைத் தொடவில்லை, மேசையில் கைகூட ஊன்றவில்லை. கோடு முடிவுக்கு வந்து தட்டைத் திறந்தபோது, சீடி சூடாக இருந்தது. அப்போதுதான் சுட்ட ரொட்டியை எடுக்கிற மாதிரி விளிம்பில் பிடித்து எடுத்தேன். பகல் முழுக்க இருந்து, அன்றைக்கு இரண்டு முடிந்தது. இடையில் கரண்ட் ஒருக்கால் சிமிட்டியது. யூபிஎஸ் கீக் என்றது. மனைவி குசினியில் இருந்து ஓடி வந்தவள், கையில் இருந்த மீனோடேயே நின்றாள்.

வெள்ளிக்கிழமை பெருநாள் கசெட்டைப் போட்டுவிட்டு ஜும்ஆவுக்குப் புறப்பட்டேன். போகாமல் இருக்கவும் மனம் வரவில்லை, போகவும் கால் வரவில்லை. “நான் பாத்துக்கிறன், போங்க” என்றாள் மனைவி. குத்பாவில் என்ன சொன்னார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஸுஜூதில் நெற்றியை வைத்தால் காதில் டிக் டிக்.

திரும்பி வந்தபோது மாமி கதிரையில் இருந்தார். முகம் முழுக்கச் சந்தோஷம். மடியில் ஒரு வெறும் போத்தல். மனைவி தொழுத உடுப்போடு சுவரில் சாய்ந்து நின்றாள்.

“வாங்க மருமகன்” என்றார் மாமி. “பாத்தீங்களா, சத்தம் நிண்டுட்டு.”

சத்தம் நின்றுதான் இருந்தது. திரை கறுப்பு. பெட்டியின் பின்பக்கத்து ஓட்டைகளில் இருந்து தண்ணீர் மேசை விளிம்பு வரைக்கும் வழிந்து, அங்கே துளித்துளியாக நின்றது.

மகள் உம்மாவுக்குச் சொல்லித்தான் இருக்கிறாள். பெட்டிக்கு வருத்தம், உள்ளே தம்பி இருக்கிறான் என்று. மாமி காலையிலேயே பள்ளி லெப்பையிடம் போய்த் தண்ணீர் ஓதி வாங்கியிருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், கடைக்கு வியாபாரம் இல்லை என்றாலும், வள்ளத்துக்கு மீன் படவில்லை என்றாலும் எங்கள் ஆக்கள் தெளிக்கிற தண்ணீர்தான். வந்தபோது மகள் லுஹர் தொழுதுகொண்டிருந்தாள். தொழுகிறவளைக் கூப்பிடக் கூடாது. பெட்டியோ டிக் டிக் என்று துடிக்கிறது. மாமி ஸலவாத்துச் சொல்லி, முன்னால் தெளித்து, மேலே தெளித்து, மிச்சத்தை மூச்சு வருகிற இடமென்று பின்பக்க ஓட்டையில் ஊற்றிவிட்டார்.

“நான் ருகூவுல இருந்தன்” என்றாள் மனைவி, என்னிடம் மட்டும், மிக மெதுவாக. “தண்ணிச் சத்தம் கேட்டது. என்ன செய்ய?”

நான் வயர்களைக் கழற்றினேன். துணியால் ஒற்றினேன். ரைட்டருக்குத் தனிக் கரண்ட் என்பதால் அதன் பச்சை லைட் மட்டும் பத்திக்கொண்டிருந்தது. சீடி உள்ளே. அது முடிந்த பிறகு பெட்டி நின்றதா, நடுவில் நின்றதா? மனைவிக்குத் தெரியவில்லை. தொழத் தொடங்கும்போது கோடு கடைசிக்குக் கிட்ட இருந்ததாம். தட்டைத் திறந்தேன். சீடி கையில் சூடாக இருந்தது. சூட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மூன்று சீடியையும் துவாயில் சுற்றிக்கொண்டு சந்தியில் இருக்கிற சலூனுக்குப் போனேன். அங்கே ப்ளேயர் இருந்தது. ஒருவர் பாதிச் சவரத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தார். சலூன்காரர் ஏன் எதற்கென்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். முதல் சீடி பேசியது. இரண்டாவது பேசியது. மூன்றாவதைப் போட்டதும் ப்ளேயர் சுற்றியது, நின்றது, திரும்பச் சுற்றியது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம் வந்து, அதற்குப் பின்னால் அவன், “அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா, பெருநாளெல்லாம் எப்படி?” பாதிச் சவரத்தில் இருந்தவர் நுரையோடேயே பதில் ஸலாம் சொன்னார். கடைசி வரைக்கும் ஓட விட்டுப் பார்த்தேன். கடைசி வரைக்கும் இருந்தது.

வீட்டுக்கு வந்து, பெட்டி காய்ந்த பிறகு பட்டனை அமத்தினோம். உள்ளே காற்றாடி சுற்றியது. வேறெதுவும் சுற்றவில்லை. டிக் என்றுகூட இல்லை. முதலாளி சொன்னது அப்படியே. தண்ணீர் அதைக் கொன்றதா, நிறுத்த மட்டும் செய்து, நின்றபடியால் அது தானே போயிற்றா என்று நான் இன்றைக்கும் பிரித்துப் பார்க்கவில்லை.

மாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது அவருடைய முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை.

“என்ட தண்ணியாலயா மருமகன்?”

“இல்ல மாமி. அது முந்தியே முடியிற நிலையில இருந்தது. கடைக்காரர் சொன்னவர்.”

“பொய் சொல்லாதீங்க.”

“அல்லாஹ்வுக்காகச் சொல்றன், கடைக்காரர் சொன்னவர்.” அது பொய்யில்லை. அவர் சொன்னவர்தான்.

“எது போனது?”

மனைவிதான் சொன்னாள். “கம்பளிக் கசெட் உம்மா. ஏசினது. மத்த மூணும் இருக்கு, நல்லாக் கேக்குது.”

மாமி பெருமூச்சு விட்டார். “அதுவா? அது போனாப் போகட்டும். ஏச்சுத்தானே அதுல. கேட்டாலே எனக்கு வெக்கம்.” மனைவி கொடுத்த தேத்தண்ணியை வாங்கி இரண்டு வாய் குடித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் தோள் கொஞ்சம் இறங்கியது.

மூன்றாவது வாய்க்குக் கோப்பையைத் தூக்கினவர் அப்படியே நிறுத்தினார்.

“ஆனா ஏசேக்குள்ளதான் அவன்ட குரல் உங்கட வாப்பாட குரல் மாதிரியே வரும்” என்றார் மகளைப் பார்த்து. “அப்படியே அவங்கதான். மத்ததுகள்ல வராது.”

மாமா இறந்தது இடம்பெயர்ந்து வந்த முதல் வருஷத்தில், முகாமில். அவருடைய குரலை யாரும் எதிலும் பிடித்து வைக்கவில்லை. பிடிக்கிறதுக்கு எங்களிடம் அப்போது எதுவும் இருக்கவில்லை. மாமி கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“அந்த மூணும் ஒண்டு ஒண்டுதானே இருக்கு?”

“ஓம் மாமி.”

“இன்னொண்டு அடிக்கேலாதா?”

“அடிக்கலாம். வேற கொம்பியூட்டர் வேணும். நாளைக்கி யார்ட்டயும் கேட்டு...”

“நாளைக்கி என்ன நாளைக்கி? இப்ப போங்க மருமகன்” என்றார். அவருடைய கை துவாய்க்குள் இருந்த சீடிகளின் மேல் இருந்தது. அந்தக் கிழமை முழுக்க எங்கள் இரண்டு பேரிடமும் இருந்த பயம் இப்போதுதான் அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. “தேத்தண்ணிய வந்து குடிங்க. போங்க.”

ரைட்டரின் வயரைச் சுருட்டினேன். சைக்கிள் கரியரில் ஒரு தலையணையை வைத்து, அதற்கு மேல் ரைட்டரைக் கட்டினேன். சீடிகளைத் துவாயோடு நெஞ்சில் வைத்து, மேலால் சேர்ட்டைப் பூட்டிக்கொண்டேன். மாமி வாசல் வரைக்கும் வந்து, பள்ளம் பார்த்து ஓட்டச் சொன்னார். கொம்பியூட்டர் இருக்கிற வீடு எது என்று யோசித்துக்கொண்டே, நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினேன்.